மோதிரத்துக்கு எந்தக் கல்?

“மாப்பிள்ளை வீட்டார் வைரம் போடப் போகிறார்கள். பதிலுக்கு நாங்கள் என்ன போடுவது?” இந்த ஒரு கேள்வி, பேசாலையில் நமக்குப் பழக்கமான ஒரு வீட்டாரின் உறக்கத்தை ஏறக்குறைய ஒரு மாத காலம் கெடுத்துவிட்டது.

பெண் மருத்துவமனையில் தாதியாகப் பணி புரிபவள். தகப்பனார் ஒரேயொரு வள்ளத்தை வைத்துக் கடற்றொழில் செய்பவர். மாப்பிள்ளை கனடாவில் இருக்கிறார்; நல்ல பிள்ளை என்று ஊரே சொல்லுகிறது. சீதனப் பேச்சு என்று எதுவும் எழவில்லை. ஆனால் மோதிரம் மாற்றும் வைபவத்துக்கு நாள் குறித்த பின்னர் மாப்பிள்ளையின் தமக்கையார் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னார். தாங்கள் வைரக்கல் மோதிரம் கொண்டு வருவதாகவும், தம்பியின் விரலுக்கும் அதற்கேற்ற சோடியாக ஒன்று இருந்தால் படம் எடுக்கும்போது அழகாக இருக்கும் என்றும் சொன்னார். அவ்வளவே. அதைச் சீதனம் என்று சொல்ல முடியாது. சீதனம் அல்ல என்று சொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. வள்ளத்து இயந்திரத்துக்கு என்ன விலை வரும் என்று விசாரிக்கப் போவதாகத் தகப்பனார் மனைவியிடம் மெதுவாகச் சொன்னாராம்.

இந்த நிலையில் வீட்டின் மூத்தவரான அம்மம்மா எழுந்துபோய்த் தமது தகரப் பெட்டியைத் திறந்தார். பெட்டிக்குள் ஒரு சீலைத் துண்டு. சீலைக்குள் ஒரு சோடி முத்துத் தோடு. 1925ஆம் ஆண்டுச் சலாபத்தின்போது தம்முடைய பாட்டனார் வாங்கிப் பாட்டியாருக்குக் கொடுத்தவை என்பது அவர் வாக்கு. சலாபம் என்பது முத்துக்குளிப்புக்கு நம் கரையோரத்தார் வழங்கும் பெயர்.

“இது எங்கட கடல்ல பிறந்தது. வைரத்துக்கு இது குறைஞ்சதோ? ஒண்டைப் பிள்ளையின்ர மோதிரத்தில வையுங்கோ. மற்றதை மருமோன்ர மோதிரத்தில வையுங்கோ” என்றார்.

வீட்டார் நம்முடைய அபிப்பிராயத்தையும் கேட்டனர். நாம் நகைத் தொழிலில் தேர்ந்தவர் அல்லேம். எனினும் அவர்களுடன் கூடவே பத்தரிடம் போனோம்; விஷயம் தெரிந்தவர்களை விசாரித்தோம்; படிக்க வேண்டியவற்றைப் படித்தோம். பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கும், மணமாகவிருக்கும் சகோதர சகோதரிகளுக்கும் உதவும் என்று கருதி அவற்றை இங்கே எழுதுகிறோம்.

வந்தேறிய வழக்கம்

வைரத்தைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கம் அன்று. கடினத்தில் அதற்கு நிகரான இரத்தினம் வேறில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்படும் வரையில், உலகத்துக்குப் பெரும்பாலும் வைரம் கொடுத்து வந்தது பாரத நாடே. ஆயினும் கலியாணம் நிச்சயமானால் வைர மோதிரம் போட்டே ஆக வேண்டும் என்பது நம்மவருடைய பழைய வழக்கமா? இல்லை. நமக்குத் தாலியும் கூறையும் பெரிது. கத்தோலிக்கருக்குக் கோவிலிலே மந்திரிக்கப்பட்ட மோதிரம் பெரிது. அந்த மோதிரத்தில் கல் இருக்க வேண்டும் என்று திருச்சபை விதிக்கவில்லை. தென்னாபிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வைரம் மலிந்து வரத் தொடங்கிய பிறகு, அதை விற்பதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. வைரம் என்றென்றைக்கும் நிலைத்திருப்பது என்று பொருள்படும் அந்தப் பிரசித்தி பெற்ற விளம்பர வாசகத்தை டி பியர்ஸ் கம்பெனிக்காக 1947இல் எழுதியவர் பிரான்சஸ் கெரட்டி என்ற அமெரிக்க அம்மையார். அதாவது, இன்றைக்கு ‘முறை’ என்று சொல்லப்படும் இந்த வழக்கம் அம்மம்மாவின் வயதை ஒத்தது.

இலங்கை மண்ணில் எத்தனையோ இரத்தினங்கள் கிடைக்கின்றன. வைரம் மட்டும் கிடைப்பதில்லை. இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் கடல் முத்து

மன்னார்க் கரையில் பிறந்தவர்கள் வைரத்துக்கு மாற்று என்று தேடும்போது முதலில் முத்தை நினைப்பது இயல்பே. கௌடிலியர் தமது அர்த்தசாஸ்திரத்தில் முத்துக்களை வகைப்படுத்தும்போது தாமிரபரணி முத்தையும் பாண்டிய நாட்டு முத்தையும் குறிப்பிடுகிறார். 1344இல் இலங்கைக்கு வந்த இபுனு பத்தூத்தா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துக்கள் தரம் பிரிக்கப்பட்டதை எழுதி வைத்திருக்கிறார். அரிப்புக்குப் போனவர்கள் கடலோரத்தில் இடிந்து நிற்கும் ‘டொரிக்’ மாளிகையைப் பார்த்திருப்பார்கள். ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதியான பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பைத் தாமே மேற்பார்வை செய்ய வேண்டி எழுப்பியது அது. இப்பொழுது அலைகள் அதன் அடிவாரத்தை ஆண்டுதோறும் தின்றுகொண்டிருக்கின்றன.

சலாபக் காலத்தில் சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும் பட்டணங்களாக மாறிவிடுமாம். ஓலைக் குடிசைகளால் ஆன பட்டணம். சலாபம் முடிந்ததும் காணாமற் போகும் பட்டணம். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குளிகாரர் வந்தனர். பாரசீகக் குடாவிலிருந்து அராபியர் வந்தனர். காலில் கல்லைக் கட்டிக் கடலடியில் உள்ள பார்களுக்கு இறங்கினர். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதிய ‘கடல்கட்டி’களுக்கும் ஒரு பங்கு உண்டு. கரைக்கு வந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு; மற்றது குளித்தவனுக்கு. பின்னர் சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. பிற்காலத்தில் ஆங்கில இலக்கிய உலகில் பேர் பெற்ற லெனார்ட் வுல்ஃப், 1906இல் மறிச்சுக்கட்டியில் கடமை புரிந்த ஓர் இளம் உத்தியோகத்தர்.

1905ஆம் ஆண்டில் மட்டும் எடுக்கப்பட்ட சிப்பிகள் ஏறக்குறைய எட்டுக் கோடி! அந்த விளைச்சலைக் கண்டு, மறு ஆண்டே ஓர் ஆங்கிலக் கம்பெனி வருடத்துக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. இரண்டு ஆண்டுகள் குளித்தார்கள். 1907க்குப் பிறகு பார்கள் வறண்டுவிட்டன. நீண்ட இடைவெளிக்குப் பின் வந்ததுதான் அம்மம்மா சொன்ன 1925ஆம் ஆண்டுச் சலாபம்.

நம்மவர் முத்தைத் தரம் பிரித்த விதத்தையும் சொல்ல வேண்டும். வைரத்துக்கு நிறை, நிறம், தெளிவு, வெட்டு என்று நான்கு இலட்சணங்களை மேல்நாட்டார் இன்று வகுத்திருப்பதைப் பெரிதாகப் பேசுகிறோம். அதற்கு வெகு காலம் முன்பே, துளையிட்ட பத்துப் பித்தளைப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துச் சலித்து, அளவு பார்த்து, பின்னர் உருவும் ஒளியும் பார்த்துப் பெயர் சொன்னார்கள் நம் வியாபாரிகள். முழு உருண்டையும் முழு ஒளியும் பொருந்தியது ஆணி. அதற்கு ஒரு படி குறைந்தது அணதாரி. இப்படியே இறங்கி, குறுவல் என்றும் தூள் என்றும் போகும்.

இவ்வளவு பெருமை உடைய முத்தை ஏன் மோதிரத்தில் வைக்கக் கூடாது? அம்மம்மாவின் கேள்வியும் இதுவே. பத்தர் ஒரு தோட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, மூன்று தடைகளைச் சொன்னார்.

முதலாவது, அது முழுவதும் துளைத்த முத்து. மோதிரத்தில் வைக்கும் முத்துக்குப் பாதி வரையிலேதான் துளை இட்டு, அடியிலுள்ள சிறு பொன் ஆணியில் பசை கொண்டு பொருத்த வேண்டும். இதை வைத்தால் மறுபக்கத்துத் துளை உச்சியில் தெரியும். இரண்டாவது, பத்தரின் நெருப்பு முத்துக்கு ஆகாது. நாளைக்கு மோதிரத்தைப் பெரிதாக்க வேண்டுமானாலும் முத்தைக் கழற்றித்தான் ஊத வேண்டும். ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் ஆபத்து. மூன்றாவது தடைதான் பெரியது. முத்து மென்மையானது.

கடினத்தை அளப்பதற்கு மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் வகுத்த அளவில் வைரம் 10. முத்தோ இரண்டரையிலிருந்து நாலரை வரை. நம்முடைய கடற்கரை மணலில் நிறைந்துள்ள பளிங்குத் துகள் 7. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மன்னார்த் தீவில் மேசை, கட்டில், சோற்றுக்கோப்பை எல்லாவற்றிலும் படிவது இந்த மணலே அன்றோ! ஆகவே 7க்குக் குறைந்த எந்தக் கல்லும் இந்த ஊரில் தினமும் விரலில் கிடந்தால், சில ஆண்டுகளில் மழுங்கிப் போகும். காற்றாலைகளைக் கொண்டுவந்து நடுவதற்கு ஏற்ற ஊர். மென்மையான கல்லுக்கு ஏற்ற ஊர் அன்று. மேலும் முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனது. புளியும் எலுமிச்சையும் வியர்வையும் வாசனைத் திரவியமும் அதன் தோலை அரிக்கும். மணப்பெண்ணோ தாதி. ஒரு நாளைக்கு எத்தனை முறை ஸ்பிரிட் போட்டுக் கை கழுவுகிறாள் என்பதை அவளே எண்ணியதில்லை என்றாள். காதிலும் கழுத்திலும் முத்து நூறு ஆண்டு இருக்கும். அவளுடைய விரலில் பத்தாண்டு இருக்குமா என்பது சந்தேகமே.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1917இல் நியூயோர்க் நகரில் கார்த்தியே என்ற நகை வியாபாரி, இரட்டை வடம் கொண்ட ஒரு முத்து மாலையையும் நூறு டாலரையும் கொடுத்து, ஐந்தாம் அவெனியூவில் ஒரு மாளிகையையே வாங்கினார். மாலையின் மதிப்பு அப்போது பத்து இலட்சம் டாலர். அதே மாலை 1957இல் ஏலத்துக்கு வந்தபோது விலை இரண்டு இலட்சத்தைக்கூட எட்டவில்லை. இடையில் நிகழ்ந்தது ஜப்பானியர் மிக்கிமோட்டோவின் வெற்றி. 1893இல் அரை உருண்டை முத்தை வளர்ப்பதில் அவர் சித்தி பெற்றார்; 1920களில் முழு உருண்டை முத்துக்கள் உலகச் சந்தைக்கு வந்து குவிந்தன. அந்த ஜப்பானியச் சிப்பி நம் மன்னார்ச் சிப்பிக்கு நெருங்கிய உறவு என்பது ஒரு வேடிக்கை. தூத்துக்குடியிலும் 1973இல் இந்திய விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினர். இன்று கடையில் ‘முத்து’ என்று விற்கப்படுபவை அனேகமாக எல்லாமே வளர்ப்பு முத்துக்கள்தாம். அவை போலி அல்ல. ஆனால் கடலில் தானாக விளைந்தது என்று எவரேனும் சொன்னால், எக்ஸ்-கதிர்ச் சோதனை செய்த சான்றிதழைக் கேளுங்கள். பல்லில் உரசிப் பார்ப்பது கண்ணாடி மணியை விலக்க உதவுமேயன்றி, இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

அம்மம்மாவின் முத்துக்கள் தப்பிப் பிழைத்த கதையும் விலையோடு சம்பந்தப்பட்டதே. 1990இல் போர் மூண்டபோது, மன்னார்க் கரையிலிருந்து வள்ளம் ஏறி இராமேஸ்வரம் சேர்ந்து மண்டபம் முகாமில் தங்கியவர்களுள் இக்குடும்பமும் ஒன்று. கொண்டுபோன பவுண் நகைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடகுக் கடைக்குச் சென்றன, மீளவில்லை. அடகுக் கடையில் பொன்னைத்தான் நிறுப்பார்கள். கல்லின் நிறையைக் கழித்துவிடுவார்கள். தோட்டின் பொன் சொற்பம். முத்துக்குக் காசு இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபகுதி முஸ்லிம் சகோதரிகளில் எத்தனையோ பேர் அவ்வளவுகூட மிச்சம் இல்லாமல் போனார்கள். கல்லுக்குக் கொடுக்கும் பணம், அது வைரமேயானாலும், அவசரத்துக்குத் திரும்பி வராத பணம் என்பதை இக்கரையில் உள்ளவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றக் கற்கள்

முத்து இல்லை என்றால் வேறென்ன? இலங்கையிலேயே வைரத்துக்கு மாற்றாகப் பெயர் பெற்ற கல் ஒன்று உண்டு. அதன் பெயரே ‘மாத்தறை வைரம்’. உண்மையில் அது நிறமற்ற சிர்க்கோன் என்னும் கல். 1789இல் கிளாப்ரோத் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர் சிர்க்கோனியம் என்ற மூலகத்தைக் கண்டறிந்ததே இலங்கையிலிருந்து போன இக்கல்லில்தான். ஒளியை வானவில்லாகச் சிதறுவதில் வைரத்துக்கு அடுத்தாற்போல் நிற்கும். மேலே பார்த்தால் நல்ல கண்ணும் ஏமாறும். பூதக்கண்ணாடியால் உள்ளே பார்த்தால், கல்லின் பின்புற விளிம்புகள் இரட்டை இரட்டையாகத் தோன்றும். வைரத்தில் அப்படித் தோன்றாது. ஆனால் கடினம் ஆறரையிலிருந்து ஏழரை. விளிம்பு எளிதில் உதிரும். ஒரே தாளில் பல கற்களைச் சேர்த்து மடித்தால் ஒன்றோடொன்று உரசிக் கெடும் என்று வியாபாரிகள் தனித்தனியே மடிப்பார்கள். தாதியின் விரலுக்கு இதுவும் உதவாது. பழைய மாத்தறை வைரத் தோடு வீட்டில் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்.

பெயர் ஒற்றுமையால் இதனோடு குழப்பப்படும் இன்னொன்று, கடையில் ‘அமெரிக்கன் டயமண்ட்’ என்று விற்கப்படும் கியூபிக் சிர்க்கோனியா. அது ஆலையில் செய்யப்படுவது. 1970களில் அதைச் செய்யும் முறையைச் சீர்ப்படுத்தியவர்கள் சோவியத் ருஷ்ய விஞ்ஞானிகள்! அதற்கு எப்படி அமெரிக்கப் பெயர் வந்ததென்று வியாபாரிகளே சொல்ல வேண்டும். கடினம் எட்டுக்கு மேல், விலை மிகவும் மலிவு, நாளடைவில் மங்கும். மலிவென்று சொல்லி மலிவு விலைக்கே விற்றால் குற்றமில்லை.

மொய்சனைட் என்பது இப்பொழுது வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரிதும் விரும்புவது. மிக்கிமோட்டோ வெற்றி கண்ட அதே 1893இல், அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்த விண்கல் ஒன்றில் மொய்சான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்ட பொருள் அது. 1998 முதல் ஆலையில் விளைவித்து நகைக்கு விற்கிறார்கள். கடினம் ஒன்பதே கால். வானவில் ஒளி வைரத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல்; சிலருக்கு அது அதிகப்படி என்று தோன்றும். சூட்டைக் கடத்தும் தன்மையை வைத்துச் சோதிக்கும் பேனாக் கருவி இதையும் வைரம் என்றே காட்டிவிடும் என்பதால், வைரம் என்று சொல்லி வாங்குபவர்கள் கவனமாயிருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் விளையும் வைரமோ மாற்றுக் கல்லே அன்று, வைரமேதான். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் 1954இல் முதன்முதலாகச் செய்து காட்டினர். அண்மைக் காலத்தில் அதன் விலை வெகுவாக இறங்கிவிட்டது.

நம் மனத்துக்குப் பிடித்தது இலங்கை நீலக்கல் இனம். கடினம் 9, மன்னார் மணல் அதை ஒன்றும் செய்யாது. 1981இல் இங்கிலாந்து இளவரசர் சார்ல்ஸ் டயானாவுக்கு அணிவித்த மோதிரத்தில் நடுவே இருந்தது 12 கரட் இலங்கை நீலக்கல். 2010இல் அதே மோதிரம் அவருடைய மருமகளின் விரலுக்கு வந்தது. ஆனால் சைவக் குடும்பங்களில் நீலம் என்றால் சனியின் கல், எல்லோருக்கும் ஒத்துவராது என்ற அச்சம் உண்டு. அதை ஏளனம் செய்வதால் பயனில்லை. கலியாண வீட்டில் மூத்தோர் மனம் கோணாதிருப்பதும் ஒரு விஷயமே. அவர்களுக்கு வெள்ளைப் புஷ்பராகம் என்று வழங்கும் நிறமற்ற கல் இருக்கிறது. அதுவும் இதே இனந்தான். வைரத்தைப் போல் அது சிதறி மின்னாது. தெளிந்த நீரைப் போல அமைதியாக ஒளிரும். அழுக்குப் படிந்தால் மங்கித் தோன்றும். சவர்க்கார நீரில் மெல்லிய தூரிகையால் கழுவினால் போதும். சூடாக்கி நிறமும் தெளிவும் திருத்தப்பட்ட கற்கள் சந்தையில் ஏராளம். அது குற்றமன்று, அதை மறைப்பதே குற்றம். “சூடு காட்டிய கல்லா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் காட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

மோதிரம் ஆன விதம்

இவற்றையெல்லாம் நாம் விவரித்துக்கொண்டிருக்கையில், பெண் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிரவு அவளே மாப்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்தாள். தமக்கையார் சோடி மோதிரம் கேட்டது அவருக்குத் தெரியவே தெரியாதாம். இன்னொன்றும் வெளிப்பட்டது: அவர் வாங்கவிருந்த வைரமும் தவணைக் கடனில்தான். இரண்டு வீட்டாரும் ஒருவர் முகத்துக்காக மற்றவர் கடன்பட இருந்திருக்கிறார்கள்! “உங்களுக்குக் கல் இல்லாத மோதிரம். எனக்கு வெள்ளைப் புஷ்பராகம். சரியோ?” என்று கேட்டாளாம். அவர் சிரித்துவிட்டுச் சரி என்றாராம். தமக்கையாருக்குச் சில நாள் மனத்தாங்கல் இருந்தது. வைபவத்துக்கு வந்தபோது அது தெரியவில்லை.

கல்லைக் கொக்கிகளில் உயர்த்தி நிறுத்தாமல், சுற்றிலும் பொன் விளிம்பு வைத்து அடக்கிக் கட்டும்படி பத்தரிடம் நாம் சொன்னோம். கொக்கிகள் தாதியின் கையுறையைக் கிழிக்கும் அல்லவா? மாப்பிள்ளையின் மோதிரத்துக்குப் பழைய பவுண் கொஞ்சம் கிடந்தது; கூலி மாத்திரமே செலவு. வள்ளத்து இயந்திரம் வள்ளத்திலேயே இருக்கிறது.

அம்மம்மாவின் தோட்டைப் பத்தர் மெருகேற்றிக் கொடுத்தார். பொன்னை மட்டும் மெருகேற்றினார். முத்தை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. மணவறையில் பெண்ணின் காதில் இருந்தது அந்தத் தோடுதான். அதைத் திரும்ப வாங்கப் போன அன்று, அம்மம்மாவும் நம்முடன் வந்திருந்தார்.

“தம்பி, இது ஆணிதானே?” என்று பத்தரைக் கேட்டார்.

பத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டையும் உருட்டி உருட்டிப் பார்த்தார். “ஆணி எண்டு சொல்ல ஏலாது ஆச்சி. நல்ல அணதாரி.”

“என்ர பாட்டி ஆணி எண்டுதான் சொன்னவ” என்று சொல்லிவிட்டு, அம்மம்மா தோட்டை வாங்கிச் சீலைத் துண்டில் முடிந்துகொண்டார்.